கழுத்தில் தொங்கிய எண்

ஷூ கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. காலையில் பேரணாம்பட்டிலிருந்து வரும் வேன் ஆம்பூர் கேட்டில் நின்றதும் இறங்கி, வரிசையில் நின்று, செக்யூரிட்டியிடம் போனைக் கொடுத்துவிட்டு ஸ்டிச்சிங் லைனுக்குப் போவோம். சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்வோம்.

கேமரா, புளூடூத் எல்லாம் இருந்த என் போனை அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "இதால ஒரு கெட்ட பேரு வந்துச்சு, வேலைக்கும் போவ வேணாம், ஒண்ணும் வேணாம். ஊட்லயே கெட" என்றார். பரிசும் மிரட்டலும் ஒரே பெட்டியில் வந்தன. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வீட்டுக்கு வெளியே நான் மூச்சுவிட்ட இடம் அது ஒன்றுதான்.

வேனில் கூட வரும் ஓர் அக்கா போனுக்கு லாக் போடச் சொல்லிக்கொடுத்தாள். "டோக்கன் நம்பரயே போட்டுக்கோ, மறக்காது. நாங்க அல்லாரும் அதான் போட்டுக்கிறோம்."

நல்ல புத்திசாலிகள் நாங்கள். டோக்கன் நம்பர் எங்கள் அடையாள அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும். அட்டை நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும். போதாததற்கு, போனை வாங்கும் செக்யூரிட்டி அதே நம்பரைச் சீட்டில் எழுதி, போனோடு ரப்பர் பேண்டு போட்டு வைப்பார். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போன மாதிரிதான்.

ஒரு சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது, ஓர் ஆண் குரல்.

"பச்ச நைட்டி ஜோரா கீது. பக்கத்துல சிரிக்கிறது யாரு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடியோடு நானும் அண்ணியும் மொட்டை மாடியில் எடுத்துக்கொண்ட போட்டோ அது. அதில் ஒரு தப்பும் இல்லை. அடுத்தவன் கைக்குப் போனதும் அது எங்கள் தப்பாகிவிடும், அவ்வளவுதான்.

பிறகு தினமும் வந்தது. அந்த நம்பருக்கு நானே போட்டுப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் காசு போட்டுப் பேசும் ஒரு ரூபாய் போன் பூத் வைத்திருந்த பெட்டிக்கடைக்காரர் எடுத்தார். போனை அணைத்து வைத்தால் ஏன் என்று அண்ணன் கேட்பார். நம்பரை மாற்றினாலும் கேட்பார். எடுக்காவிட்டால் அது அடித்துக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

அண்ணியிடம் மட்டும் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா மொதல்ல என்னத்தான் கேப்பாரு. சொல்லிடாத, கர்த்தர் பேரால கேக்கறேன்" என்றாள். இரண்டு பேருமாகப் போட்டோவை அழித்தோம். லாக் நம்பரையும் மாற்றினேன்.

மறுநாள் சாயங்காலம் அதே குரல். "இன்னா, லாக்க மாத்திட்டியா?"

வீட்டில் அந்தப் போனை வேறு யாரும் தொடுவதில்லை. வேனில் என் கையில் இருக்கும். பகலெல்லாம் அது இருக்கும் இடம் செக்யூரிட்டி அறை ஒன்றுதான். அங்கே யாராவது என் போனைத் திறந்து தன் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் என் நம்பர் கிடைத்துவிடும், புளூடூத்தில் போட்டோவும் போய்விடும்.

அடுத்த காலை கேட்டில் செக்யூரிட்டி கை நீட்டினான். "டோக்கன்?" என்றான். தினமும் கேட்டில் கேட்கும் குரல்தான், போனில் வருவதும் அதே குரல் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பின்னாலிருந்து வரிசை நெருக்கியது. போனை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அன்று என் தையல் எல்லாம் கோணல்.

சாப்பாட்டு நேரத்தில் ஆபீசுக்குப் போய், தொழிலாளர் விஷயங்களைப் பார்க்கும் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் போனைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தது அவன்தான். கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டான்.

"எந்த போட்டோ, காட்டும்மா."

"அழிச்சிட்டேன் சார். இவர்கிட்ட இருக்கும்."

"என்கிட்ட இன்னா சார் இருக்கு? அவங்க போன்லயே இல்லன்றாங்க" என்றான் அவன், ரொம்பப் பணிவாக.

அதிகாரி யோசித்தார். "அப்ப எத வச்சிக் கேக்கறது? வீட்ல அண்ணன் இருக்காரில்ல? நாளைக்கு வரச் சொல்லு, பேசலாம்."

அண்ணியின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

"வேணாம் சார்" என்றேன்.

அவர் போனை எடுத்து அவனிடம் நீட்டினார். "இந்தப் பொண்ணு போன பத்திரமா வையி."

"சரி சார்" என்று அவன் வாங்கிக்கொண்டான்.