நீக்கப்பட்ட முகம்

திருகோணமலை உட்துறைமுகத்தில் நடந்த படப்பிடிப்புக்கு என் வள்ளத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதில் வந்த நடிகை ஒருகாலத்தில் சீனாவின் பெரிய நட்சத்திரம். அரசாங்கத்தோடு ஏதோ பிரச்சினையில் மாட்டியபோது, நடித்து முடித்த படங்களிலிருந்தே அவருடைய முகத்தை நீக்கிவிட்டார்களாம். பல வருடங்களுக்குப் பிறகு இதுதான் முதல் படம். உடம்பு மெலிந்து, தலை நரைத்திருந்தது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் கமராக்காரரிடம் ஓடிப்போய், தன் முகம் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

கடைசி நாள் என் போனில் தன்னைப் படமெடுக்கச் சொன்னார்.

“அழிக்காமல் வைச்சிருப்பீங்களா எண்டு கேக்கிறா,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“ஓம், வைச்சிருப்பன். ஏன் என்னட்டை?”

“உங்களிட்ட வந்து அழிக்கச் சொல்ல ஒருத்தரும் இல்லையாம்.”

படம் வெளிவந்து, அவருக்குப் பழைய பேரும் புகழும் திரும்பிவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். அந்தப் பயம் அவரை விட்டுப் போயிருக்குமா? அதை யாரிடம் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.