வெறும் ஃபோல்டர்

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, நீளவாக்கில் மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். ஏழு வருடமாக எனக்கு எதிர்முனை சக்கரத்தக்காதான். காலில் சக்கரம் கட்டியவள் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

அவளிடம் எதையும் கோவையாகக் கேட்க முடியாது. முனை சேர்க்க எதிரே வரும்போது ஒரு வாக்கியம் சொல்வாள், அடுத்த விரிப்பை எடுக்கப் போய்விடுவாள். மிச்சம் அடுத்த மடிப்பில். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அதனால் அவள் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது என்று ஒன்றும் கிடையாது.

மெஷின் ஒரு சுற்று ஓட நாற்பது நிமிடம். நாங்கள் எல்லாரும் கால் நீட்டி உட்காருவோம். அவள் உட்கார மாட்டாள். மெஷின் கதவைத் துடைப்பாள், நான் அடுக்கிய தலையணை உறைகளைக் கலைத்து மறுபடி அதே மாதிரி அடுக்குவாள். "என்னக்கா, நான் அடுக்கினதுல என்ன குறை?" என்றால், "குறை ஒண்ணும் இல்ல, கை சும்மா இருக்கு" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே மகள். பாப்பா என்றுதான் சொல்வாள், பாப்பாவுக்கு இருபத்து நாலு வயது. நாலு பேர் காலைப் பிடித்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கோப்புகள் பிரிவில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்திருந்தாள். ஆறே மாதத்தில் பெண் வேலையை விட்டுவிட்டு, எங்கோ தொலைவில் ஒரு மீன் காட்சியகத்தில் தொட்டி கழுவப் போகிறேன் என்றாள். வீட்டில் பெரிய ரகளை. "நீ துணி கழுவுற, நான் தொட்டி கழுவப் போறேன். இதுல எது மட்டம்?" என்று மகள் கேட்டாளாம். தாயைப் போல பிள்ளை, வாய் அப்படியே வந்திருக்கிறது. பதில் சொல்லத் தெரியாத ஆத்திரத்தில் இவள், "போய்த் தொலை. நீ இல்லேன்னா இந்த வீட்ல எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டாள்.

மகள் போய் ஐந்து மாதம் ஆயிற்று. அப்பாவோடு வாரம் ஒரு தடவை ஃபோனில் பேசுவாள். அந்த நேரம் பார்த்து அக்கா சமையலறையில் பாத்திரத்தை உருட்டுவாள். காதை மட்டும் கூடத்தில் விட்டிருப்பாள். மகளும் "அம்மாகிட்ட குடுங்க" என்று கேட்பதில்லை. யார் முதலில் கூப்பிடுவது என்பதில் இருவருக்கும் அப்படி ஒரு வீம்பு.

அவர்கள் வீட்டு அலமாரியில் கம்ப்யூட்டரோடு இணைத்த ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர், பாட்டுப் பைத்தியம். பழைய கேசட், சிடி எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள் ஏற்றி வைத்திருந்தார். வீட்டு ஆட்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஃபோனிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு ப்ளேயரைத் திறந்து அதிலிருந்து பாட்டுக் கேட்கலாம். பாடகர் பட்டியலில் போய்த் தேடினால் ஒன்றும் கிடைக்காது. தொள்ளாயிரம் பாட்டு 'பெயர் தெரியாதவர்' கணக்கில்தான் கிடக்கும். கேசட்டிலிருந்து ஏற்றியதற்கு யார் பெயர் எழுதுவது? "எங்க வீட்ல அவர்தான் பெரிய பாடகர்" என்பார் அந்த மனுஷன். அதனால் மூன்று பேரும் ஃபோல்டர் வழியாகத்தான் போவார்கள். அப்பா, அம்மா, பாப்பா என்று மூன்று பெரிய ஃபோல்டர்.

பாப்பாவின் ஃபோல்டருக்குள் அவளே வைத்த பெயர்கள்: 'குளிக்கும்போது', 'பஸ்ல', 'மழைக்கு', 'அம்மா கத்தும்போது'. கடைசிப் பெயரைச் சொல்லும்போது அக்கா சிரிக்க மாட்டாள், நான் சிரித்தால் முறைப்பாள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில், அது எத்தனை தடவை ஓடியது, கடைசியாக எப்போது ஓடியது என்று பொடி எழுத்தில் இருக்கும். மகள் போன மறுநாளே அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து ஈரக் கையைப் பாவாடையில் துடைத்து ஃபோனை எடுப்பதும், ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து மூடுவதும்தான் பிழைப்பு.

"ஏழே முக்காலுக்கு 'பஸ்ல' ஓடியிருக்கு. அப்ப வேலைக்குக் கிளம்பிட்டா" என்பாள் ஒரு மடிப்பில்.

"'குளிக்கும்போது' இன்னிக்கு ஓடவே இல்ல. தலைக்குக் குளிக்கலயா, உடம்பு சரியில்லயா?" என்பாள் அடுத்த மடிப்பில்.

முதல் மாதம் முழுக்க அந்தப் பெண் அதிகம் கேட்டது 'அம்மா கத்தும்போது'. அக்காவுக்கு அது தாங்கவில்லை. "நான்தான் அங்க இல்லவே இல்லயே, அப்புறம் எதுக்குடி அது?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஒரு நாள் அக்கா பரபரவென்று வந்தாள். வீட்டுக்காரர் கடைக்குப் போன நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து, புது ஃபோல்டர் போடக் கற்றுக்கொண்டாளாம். மகளின் ஃபோல்டருக்குள் புதிதாக ஒன்று போட்டு 'சாப்பிட்டியா' என்று பெயர் வைத்துவிட்டாளாம்.

"அவ ப்ளேயரைத் திறந்தா கண்ல படும்ல? நான் ஃபோன் பண்ணின மாதிரியும் இருக்காது, கேட்ட மாதிரியும் இருக்கும்" என்றாள். வீம்பும் போகக் கூடாது, விஷயமும் நடக்க வேண்டும். இந்த மூளையை வேறு எதற்காவது செலவழித்திருந்தால் எங்கோ போயிருப்பாள்.

பதில் வரவில்லை. மறுநாள் 'வேலை கஷ்டமா' போட்டாள். அதற்கடுத்து 'குளிர் அதிகமா அங்க'. பிறகு 'இன்னும் கோபமா'. மூன்று வாரத்தில் பதினொரு ஃபோல்டர். எல்லாம் கிணற்றில் போட்ட கல். அக்காவின் குரல் நாளுக்கு நாள் ஏறியது. விரிப்பை உதறினால் சாட்டை மாதிரி சத்தம் வந்தது. "கல்லு மனசுடி அவளுக்கு. தினம் 'பஸ்ல' கேக்கறா, அதுக்குப் பக்கத்துலயே இருக்கு, பார்த்துட்டுத் தாண்டிப் போறா. பெத்தவ இப்படிக் கெஞ்சணுமா?" பன்னிரண்டாவதாக 'நீ வரவே வேணாம்' என்று போடப்போவதாகச் சொன்னபோது எனக்குப் பயம் வந்தது.

"ஃபோனை இப்படிக் குடுங்க" என்று பிடுங்கினேன். ப்ளேயரைத் திறந்து பாப்பாவின் ஃபோல்டருக்குள் போனேன். அம்மா கத்தும்போது, குளிக்கும்போது, பஸ்ல, மழைக்கு. நாலுதான்.

"உங்களோட பதினொண்ணும் எங்கக்கா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கே! நான் கண்ணால பார்த்தேன்." பிடுங்கிப் பார்த்தாள். கீழே தள்ளினாள், மேலே தள்ளினாள். பாட்டு ஓடிய நேரத்தையே பார்த்துப் பழகிய கண், தான் போட்டது அங்கே இருக்கிறதா என்று இதுவரை பார்த்ததே இல்லை.

வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டாள். இனி எதை மறைக்க? எல்லாவற்றையும் கொட்டினாள். மெஷின் இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். மனுஷன் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு மாலை போடலாம்.

"வெறும் ஃபோல்டரை ப்ளேயர் காட்டாதும்மா. உள்ள ஒரு பாட்டாவது இருந்தாதான் காட்டும். அவ ஒண்ணையும் பார்த்திருக்க மாட்டா."

மூன்று வாரமாக, ஒன்றும் அறியாத பெண்ணைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள். அக்கா துணிக்கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

"ஏதாவது ஒரு பாட்டைச் சொல்லு, உள்ள போட்டுடறேன்" என்றார் அவர்.

"பாட்டு எதுக்கு? நான் சொல்ல வேண்டியதை எவன் பாடி வச்சிருக்கான்?" என்று கட் பண்ணினாள்.

வெளுத்த துணி வைக்கும் அறையில்தான் சத்தம் இருக்காது. என்னைக் கதவுக்குக் காவல் வைத்துவிட்டு உள்ளே நின்று ஃபோனில் தன் குரலைப் பதிவு செய்தாள். முதல் தடவை மூன்றாவது வாக்கியத்திலேயே திட்ட ஆரம்பித்தாள், அழித்தாள். இரண்டாவது தடவை அழுகை, அதையும் அழித்தாள். வெளியே மெஷின் முடிந்து மணியடித்தது, மேற்பார்வையாளர் கத்தினார். ஆறாவது தடவை சொன்னதை நான் கதவிடுக்கில் கேட்டேன்.

"நான்தான். நீ இல்லேன்னா நிம்மதின்னு சொன்னேன்ல. நீ போன நாள்லேர்ந்து எனக்கு ஒரு நாள் நிம்மதி இல்ல. ஏதோ கோபத்துல சொல்லிட்டேன்னு சமாளிக்க மாட்டேன். உனக்கு வலிக்கணும்னுதான் சொன்னேன். அது தப்பு. நீ தொட்டியைக் கழுவு. நல்லாக் கழுவு. மூலையெல்லாம் விட்டுடாதே, அங்கதான் அழுக்கு நிக்கும். அவ்வளவுதான்."

அதை வீட்டுக்காரருக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கூப்பிட்டார். "போட்டுட்டேன்" என்றார். கூடவே, "வேலை செய்ற இடத்துல கம்ப்யூட்டர்லதான் பாட்டுப் போட்டுக் கேப்பாளாம். கை ஈரமா இருக்கும், ஃபோனைத் தொட முடியாதுன்னு சொன்னா. நாளைக்குப் பார்த்துடுவா" என்றார்.

ஃபோல்டருக்கு 'அம்மா பேசறேன்' என்று பெயர். அகர வரிசையில் அது நேராக 'அம்மா கத்தும்போது'வுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. ப்ளேயருக்கு என்ன தெரியும், பாவம்.

மறுநாள் காலை அக்கா விரிப்பின் முனையை மூன்று தடவை நழுவவிட்டாள். ஃபோனை இஸ்திரி மேஜையில் சாய்த்து வைத்திருந்தாள். பத்தேகால் வரை ஓடிய கணக்கு பூஜ்யம். பத்தரைக்கு ஒன்று. என் கையை நெரித்தாள். பதினொன்றுக்கு நாலு. பதினொன்றேகாலுக்கு ஒன்பது.

"ஒன்பது தடவை கேட்டிருக்கா. ஒரு தடவை கூப்பிடக் கூடாதா?" என்று மறுபடி ஆரம்பித்தாள். மேஜைக்கும் மெஷினுக்கும் நடந்தாள். "மனசு இறங்கல பாரு. என்னதான் வேணும் அவளுக்கு?"

எனக்கு வந்ததே கோபம். விரிப்பைக் கீழே போட்டேன்.

"'நீ கூப்பிடு'ன்னு அதுல எங்கயாவது சொன்னீங்களா? 'அவ்வளவுதான்'னு முடிச்சு வச்சீங்க. அவ உங்க பொண்ணு, அவ்வளவுதான்னா அவ்வளவுதான்னு இருப்பா. நீங்க கூப்பிடுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேற ஆளைப் பார்த்துக்குங்க மடிக்க."

அக்கா என்னை அடிக்க வருவதுபோல் பார்த்தாள். பிறகு ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கர். முதல் மணியிலேயே எடுத்தாகிவிட்டது. ஹலோ இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம், அதற்குப் பின்னால் ஒரு பொம்பளை கறாராக யாரிடமோ பேசும் குரல். யாரோ மேலதிகாரி மகளை அதட்டுகிறாள் என்று அக்காவின் முகம் சிவந்தது. அது தன் குரல்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாப்பா..." என்றாள்.

"இரும்மா" என்றாள் மகள். "நீ பேசிட்டிருக்க. முடியட்டும்."