நேரில் பார்த்த கோல்தான் கோல்

இரண்டாவது மூடி அவருடைய இடது காலுறைக்குள் இருக்கும். முதல் மூடி பாட்டிலின் மேலேயே இருக்கும். அது வாசலில் பறிகொடுப்பதற்கு. கால்பந்து அரங்கத்துக்குள் தண்ணீர் பாட்டில் போகலாம், அதன் மூடி போகக்கூடாது. மூடி போட்ட பாட்டில்தான் நடுவரின் தலை வரை பறக்கும் என்று யாரோ ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். லிஃப்ட்காரர் மறுபேச்சில்லாமல் பாட்டிலை நீட்டுவார். காவலாளி மூடியைத் திருகி எடுத்து வாளியில் போடுவார். நான்கு மாடி ஏறி, இருக்கையில் உட்கார்ந்து, இரு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, லிஃப்ட்காரர் குனிந்து காலுறைக்குள்ளிருந்து மற்ற மூடியை எடுத்துத் திருகுவார். அன்றைய ஆட்டத்தில் அவர் தரப்புக்குக் கிடைக்கும் ஒரே வெற்றி பெரும்பாலும் அதுதான்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். குள்ளமான உருவம், அகலமான உள்ளங்கைகள். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் லிஃப்ட் கதவில் கை வைத்து, காதைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். "பிரேக் தேஞ்சு போச்சு. வாய்விட்டுச் சொல்லுது, யாரும் காதுல வாங்க மாட்டேங்கறாங்க" என்பார். வீட்டுச் சாவியோடு ஒரு முக்கோணச் சாவியும் அவர் வளையத்தில் தொங்கும். வெளியிலிருந்து லிஃப்ட் கதவைத் திறக்கிற சாவி அது. அரங்க வாசலில் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு விசாரணை உண்டு.

"இது என்ன சார், ஆயுதமா?"

"லிஃப்ட் சாவி, தம்பி. போன மேட்சுக்கும் நீங்கதான் கேட்டீங்க."

"அப்ப என்ன சொன்னீங்க?"

"லிஃப்ட் சாவின்னுதான் சொன்னேன்."

"அப்ப சரி. போங்க."

அரங்கத்தில் லிஃப்ட் இருக்கிறது. அவர் அதில் ஏறுவதில்லை. முதல் வருடமே அதன் கதவில் கை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். கிளப்புக்கு மூன்று கடிதம் எழுதினார். எந்தச் சத்தம், எந்த மாடியில், எப்போது நின்றுபோகும் என்பது வரை. மூன்றுக்கும் பதில் வந்தது. அணியின் மீது அவர் காட்டும் அன்புக்கு நன்றி தெரிவித்து, கழுத்துத் துண்டு வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஒரு சீட்டும் இணைத்திருந்தார்கள். அந்த மூன்று சீட்டுகளும் கருவிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. கடிதம் எழுதியவர் நூற்றுப் பன்னிரண்டு படி ஏறுகிறார். "படி நல்லது. நடுவுல நிக்காது" என்பது அவர் கட்சி.

மேலே போனால் தூண். அவருடைய இருக்கைக்கு நேர் முன்னால், மூன்று வரிசை தள்ளி, கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. நுழைவுச் சீட்டில் இதைப் 'பகுதி மறைவு' என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். மறைவது மைதானத்தில் ஒரு சின்னப் பகுதிதான். இடது பக்கத்துக் கோல் கம்பங்கள் இருக்கும் பகுதி. கோல் கம்பங்களைத் தவிர்த்து மீதி மைதானத்தை அவர் தாராளமாகப் பார்க்கலாம். பந்து தூணுக்குப் பின்னால் போனதும் அவர் பக்கத்து இருக்கையைப் பார்ப்பார். அங்கே இருப்பவர் ஒரு பல் டாக்டர். டாக்டரின் முகத்தைப் பார்த்து நடப்பதைத் தெரிந்துகொள்வார். டாக்டர் வாயைத் திறந்தால் ஆபத்து, திறந்தபடியே எழுந்தால் கோல்.

இந்த வசதிக்காக அவர் படும் பாடு கொஞ்சமில்லை. சீட்டு இப்போது தாளில் வருவதில்லை, போனில் ஒரு செயலிக்குள் குடியிருக்கிறது. வாசலுக்குப் பத்தடி தூரத்தில் அந்தச் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதி கேட்கும். வண்டி நிறுத்துவதற்கு வாங்குகிற காசில் வண்டிக்கே ஒரு டயர் மாற்றலாம். உள்ளே ஒரு கோப்பை டீ குடிக்கிற பணத்துக்கு வீட்டில் ஒரு வாரத்துக்கு டீத்தூள் வரும். போதாததற்கு, ஆட்டம் மூன்று மணிக்கு என்று சொல்லி, அதற்கேற்ப அவர் வேலை முறையை மாற்றிக்கொண்ட பிறகு, பன்னிரண்டரைக்கு என்பார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு அதுதான் சௌகரியமாம். வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் சௌகரியத்துக்காக, வீட்டை விட்டு வருகிறவர்கள் காலைச் சாப்பாட்டை விட்டு ஓடி வரவேண்டும்.

அப்படி வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களில் ஒருவர் அவர் மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்து வழி தப்பாக இருந்தால் அரை மார்க்கூடப் போடமாட்டார் என்று பேர் வாங்கியவர். மனைவியை லிஃப்ட்காரரும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் வலிக்கிற முழங்காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் டீயோடு, முழு ஆட்டத்தையும் பார்ப்பார். கோல் விழுந்தால் நான்கு கோணத்தில், மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். லிஃப்ட்காரர் திரும்பி வந்து ஷூவைக் கழற்றும்போது அன்று நடந்தது முழுவதையும் டீச்சர் சொல்ல வருவார். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். டிவியில் அந்தக் கோல் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பார்.

"நேர்ல பாக்காத கோலை நான் பார்த்த கோல்னு எப்படிச் சொல்றது? சாப்பாட்டுப் படத்தைப் பார்த்துட்டு ஏப்பம் விடச் சொல்றியா?"

"நேர்லதான் போனீங்களே? அப்ப எங்க பார்த்துட்டு இருந்தீங்க?"

இங்கேதான் லிஃப்ட்காரர் மாட்டிக்கொள்வார். இந்த ஆட்டப் பருவத்தில் சொந்த மைதானத்தில் அவர் அணி அடித்தது ஒன்பது கோல். ஒன்பது முறையும் அவர் அரங்கத்தில்தான் இருந்தார். ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நான்கு கோல் தூணுக்குப் பின்னால் போனது. ஒன்று விழுந்தபோது கழிப்பறை வரிசையில் முப்பத்தோராவது ஆளாக நின்றிருந்தார். ஒன்று டீ வரிசையில், டீயும் தீர்ந்துவிட்டது. ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் ஒன்று விழுந்தது. அப்போது அவர் வாசலில் முக்கோணச் சாவிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற இரண்டும் முன் வரிசையில் கொடி பிடித்து நின்ற ஒரு நெட்டை மனிதரின் உபயம்.

பருவம் முடியப்போகிற நேரத்தில் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த ஆண்டுக்கு இருக்கையைப் புதுப்பிக்கலாம், விலை கொஞ்சம் கூடியிருக்கிறது, தூண் அங்கேயே இருக்கும். புதுப்பிக்காவிட்டால் இருக்கை, வரிசையில் காத்திருக்கிற அடுத்தவருக்குப் போகும். காத்திருப்பவர்கள் நாலாயிரம் பேர். விட்டால் இந்தப் பிறவியில் திரும்பக் கிடைக்காது. டீச்சர் கடிதத்தை இருமுறை படித்தார்.

"ஏங்க, ஒரு பேச்சு பேசிக்கலாம். கடைசி மேட்ச்ல ஒரே ஒரு கோல். உங்க ரெண்டு கண்ணால பார்த்துட்டீங்கன்னா நானே பணம் கட்டறேன். இல்லேன்னா அடுத்த வருஷம் சோபால, என் பக்கத்துல."

"நான் பார்த்தேன்னு சொன்னா நம்புவியா?"

"உங்களை நம்புவேன். அந்தத் தூணை நம்ப மாட்டேன். நானும் வரேன்."

பல் டாக்டருக்கு அன்று ஊரில் இருக்க முடியாது என்பதால் அவர் சீட்டு டீச்சருக்குக் கிடைத்தது. செயலியில் பெயர் மாற்ற ஒரு கட்டணம், மாற்றியதை உறுதிசெய்ய இன்னொரு கட்டணம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் போனார்கள். டீச்சர் முழங்காலைத் தடவிக்கொண்டே லிஃப்ட் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அதுல ஏறாதே. அதோட சத்தம் சரியில்லை."

"என் முழங்கால் சத்தத்தைக் கேட்டீங்களா? அதைவிட இது தேவலை."

அவர் படியில் ஓடி ஏறி, நான்காவது மாடியில் மூச்சிரைக்க நின்று, மனைவி நல்லபடியாக வெளியே வருவதைப் பார்த்த பிறகுதான் மூடியைத் திருகினார்.

முதல் பாதியில் கோல் இல்லை. டீச்சர் தூணை வெகுநேரம் பார்த்தார். "இதுக்கா இத்தனை வருஷம் பணம் கட்டினீங்க?" என்று மட்டும் கேட்டார். இடைவேளையில் மேல்மாடிக் கழிப்பறை வரிசையைப் பார்த்துவிட்டு டீச்சர் லிஃப்ட்டிலேயே கீழ்மாடிக்குப் போனார். இரண்டாம் பாதி தொடங்கியது. இப்போது அவர் அணி வலது கோலை நோக்கி ஆடுகிறது. வலது கோல் தூணை விட்டு விலகி, வலை உட்பட, முழுதாகத் தெரியும். முன் வரிசையில் நெட்டை மனிதர் வரவில்லை. டீ வேண்டாம், கழிப்பறை வேண்டாம். பந்து அந்தக் கோலைச் சுற்றிச் சுற்றியே வந்தது. லிஃப்ட்காரர் கண் சிமிட்டுவதைக்கூட ஒத்திப்போட்டார்.

எழுபத்திரண்டாவது நிமிடத்தில் போன் அடித்தது. டீச்சர்தான். குரல் விட்டுவிட்டு வந்தது.

"லிஃப்ட்டு... நின்னுடுச்சுங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை... நீங்க வராதீங்க. கோலைப் பாருங்க... கேக்குதா? வராதீங்க."

அவர் வலது கோலை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து, முழங்கால்களை இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வரிசையைத் தாண்டினார்.

லிஃப்ட் நான்காம் மாடிக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது. அவர் கடிதத்தில் எழுதியிருந்த அதே இடம். மஞ்சள் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் கதவுக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

"கம்பெனிக்குச் சொல்லியாச்சு சார். நாப்பது நிமிஷத்துல வராங்க."

"ஞாயித்துக்கிழமை நாப்பது நிமிஷம்னா எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியும், தம்பி. இருபத்தெட்டு வருஷமா அதைச் சொல்றவனே நான்தான். அந்தப் பெட்டியைத் திறந்து மெயினை அணைங்க."

மெயின் அணைந்தது. அவர் முக்கோணச் சாவியை எடுத்தார். கதவின் உச்சியில் இருந்த துளைக்கு எக்கி நின்று, சாவியைச் செருகித் திருப்பினார். அந்த நேரத்தில் அரங்கம் வெடித்தது. சத்தம் சுவர் வழியாக அவர் உள்ளங்கைக்கு வந்தது. எந்த அணி, எந்தப் பக்கம் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. "கோல் சார்!" என்று கத்திவிட்டு மஞ்சள் சட்டைக்காரர் பார்க்க ஓடிப்போனார். லிஃப்ட்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிக்கதவை இழுத்தார். விட்டால் தானாக மூடிக்கொள்கிற கதவு என்பதால் இடது கையாலும் தோளாலும் முட்டுக் கொடுத்தார். வலது கையால் உள்கதவைப் பற்றி இழுத்தார். ஒரு கை நுழைகிற அளவுக்கு அது திறந்து, இறுகி நின்றது.

இடைவெளியில் டீச்சரின் முகம் தெரிந்தது. பின்னால் காலில் கட்டுப் போட்ட ஒருவர் சுவரில் சாய்ந்திருந்தார்.

"ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு ஒண்ணுமில்லை. வராதீங்கன்னு சொன்னேனே! சத்தம் கேட்டுச்சே, கோலா?"

"ஆமா."

"பார்த்தீங்களா?"

அவர் கதவை இன்னும் ஒரு விரல் நகர்த்தினார். டீச்சர் கையில் போன் இருந்தது. லிஃப்ட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காமல், டீச்சர் அதில் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம் பாதியில் உறைந்து நின்றிருந்தது. கதவு திறந்ததும் படம் அசைந்தது. விட்ட இடத்திலிருந்து பந்து உருண்டது.

"ஏங்க, இங்க பாருங்க! இதுல இன்னும் அடிக்கலை. இப்பத்தான் கொண்டு போறாங்க."

போன் இடைவெளி வழியாக வெளியே நீண்டு, அவர் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

"ஸ்டேடியத்துக்குள்ளதானே நிக்கறீங்க? ரெண்டு கண்ணும் இருக்குல்ல? பாருங்க. நேர்ல பார்த்ததாவே வெச்சுக்கறேன், பணம் கட்டறேன். சீக்கிரம் பாருங்க!"

அரை மார்க்கூடப் போடாத டீச்சர் போனை இன்னும் கொஞ்சம் நீட்டினார். வர்ணனையாளரின் குரல் உயர்ந்துகொண்டே போனது. பந்து பெனால்டி பெட்டிக்குள் நுழைந்துவிட்டது என்று, வர்ணனையைக் கேட்டுக் கட்டுப் போட்டவர் உள்ளிருந்து சொன்னார்.

கதவுகளை விடாமல் இரண்டு கைகளாலும் பிடித்தபடி, லிஃப்ட்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.