என் மேல் ஏன் வழக்கு இல்லை?

என் நண்பன் செல்வத்தின் மேல் போலீஸ் வழக்குப் போட்டுவிட்டது. கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது... அவனுக்காக அல்ல.

இத்தனை வருடமாகப் பத்திரிகையில் வாரா வாரம் பத்தி எழுதுகிறேன். சாலை, சாக்கடை, ஆட்சி... எதை விட்டேன்? ஒரு நோட்டீஸ்கூட வந்ததில்லை. செல்வம் ஒரே ஒரு படம் வரைந்தான். ஊரே பேசுகிறது!

முத்தியால்பேட்டையில் என்னோடு படித்தவன். இப்போது தனியார் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். தேங்காய்த்திட்டு துறைமுகத்தின் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிறது, படகுகள் தரைதட்டுகின்றன என்று மீனவர்கள் கத்திக்கொண்டே இருக்கிறார்கள் அல்லவா? அதைத்தான் துறைமுகச் சுவரில் வரைந்திருந்தான். முகத்துவாரத்து மணலில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மேட்ச் முடியட்டும் என்று படகுகள் வரிசையில் நிற்கின்றன. எந்த முகமும் யாருடையதும் இல்லை. ஆனால் பார்த்தவர்களுக்கெல்லாம் யாரோ ஞாபகத்துக்கு வந்தார்கள்.

வழக்கு என்ன தெரியுமா? அனுமதி இல்லாமல் அரசுச் சுவரை அலங்கோலப்படுத்தியது. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதே சுவரில் தலைவர்களின் பிறந்தநாள் போஸ்டர்கள் வருடம் முழுக்கச் சிரிக்கின்றன. அது அலங்காரம் போலிருக்கிறது.

ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். டீ வரவழைத்தார்.

"ஒங்க பத்திய எங்க வூட்ல எல்லாரும் படிப்போம் சார். யாரு மனசும் நோவாம எழுதுறீங்க" என்றார்.

டீ கசந்தது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். அரசுச் சுவரில் இனி வரைய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, அந்தப் படத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டால் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம். இல்லையென்றால் கோர்ட். கோர்ட் என்றால் வேலை போகும். வழக்கு இருக்கிறவர் வர வேண்டாம் என்று பள்ளியில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

"பர்மிஷன் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா சார்?" என்றான் செல்வம். இன்ஸ்பெக்டர் நேர்மையானவர். கொடுத்திருக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்.

செல்வம் என்னைப் பார்த்தான். கையெழுத்துப் போடச் சொன்னேன். அக்கறையா? பாதிதான். மீதிப் பாதி – வழக்கில்லாதவர் கட்சியில் நான் மட்டும் எதற்குத் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்?

போட்டான். சுண்ணாம்பு வாளியோடு போய்த் தன் படத்தைத் தானே அழித்தான். பக்கத்தில் நின்றேன். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. அது மீன்பிடித் தடைக்காலம். படகுகளையெல்லாம் கரையேற்றிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மீன் ஏலம் எடுக்கும் அஞ்சலையக்கா, சொந்தப் படகும் வைத்திருப்பவர், வாளியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செவுருதான தம்பி கவர்மென்ட்டுது? படகு எங்குளுது. அதுல வரையி."

வரைந்தான்! எழுதிக் கொடுத்த காகிதத்தில் படகைப் பற்றி எதுவும் இல்லை. அதைப் பார்த்து அடுத்த படகுக்காரர் கூப்பிட்டார், அதற்கடுத்தவரும் கூப்பிட்டார். சுவரில் இருந்தவரை துறைமுகத்துக்கு வந்தவர்கள் மட்டும்தான் பார்த்தார்கள். இனி கடலூர் வரைக்கும் பார்ப்பார்கள். வேலையும் போகவில்லை. எரியாதா எனக்கு?

போன வாரம் அவனே போன் செய்தான். அக்காவின் படகில் படத்துக்குக் கீழே இரண்டு வரி வேண்டுமாம், என்னை எழுதித் தரச் சொன்னான். தலைகால் புரியவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்து எழுதினேன். கொடுப்பதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று தெரிந்த வக்கீலிடம் காட்டினேன். அவர் ஒரு வார்த்தையை எடுத்தார். நானாக இன்னொன்றை எடுத்தேன்.

செல்வம் படித்துப் பார்த்தான். கோபப்படவில்லை. "நல்லாருக்குடா... ஆனா படகுல எடம் பத்தாது" என்றான்.

அந்தப் படகை நான் பார்த்தேன். இடம் தாராளமாக இருந்தது. அவன் வரைவதற்கு முன்னால் யாரையும் கேட்பதில்லை. என் பொறாமையெல்லாம் அதன் மேல்தான். வழக்கின் மேல் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இந்தப் பத்தியையும் வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார்... பாவி!