பெட்டிக்குள் என் பெயர்

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என்னை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்தார்கள். நான் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் கத்தோலிக்கர்களான எங்களுக்கு ஆன்மாக்களின் மாதம். ஆவூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கோவில் வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைப்பார்கள். அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். மாதம் முழுக்கப் பூசையில் சாமியார் அந்தப் பெயர்களை வாசிப்பார். நாலைந்து பெயர்களுக்கு ஒருமுறை நிறுத்துவார், நாங்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். பெட்டியின் மேல் எதுவும் எழுதியிருக்காது. எதற்கு என்று தெரியாதவர்கள் எங்களில் யார் இருக்கிறார்கள்?

சாமியார் ஊருக்குப் புதியவர். நிதானமாக வாசித்துக்கொண்டே வந்தார். நான் எழுதிப்போட்ட என் அப்பாவின் பெயர் வந்தது. அடுத்து என் பெயர். இனிஷியலோடு. கூடவே 'டீச்சர்' என்றும் இருந்தது. அந்தப் பெயரில் எங்கள் கோவிலைச் சேர்ந்தவர்களில் வேறு டீச்சர் கிடையாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிடக் கொடுமை அடுத்த நொடியில் நடந்தது. கோவிலே சேர்ந்து "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. அதில் என் குரலும் இருந்தது. பழக்கதோஷம்! என் ஆன்மா இளைப்பாற நானே மன்றாடிவிட்டேன்.

முன் பெஞ்சிலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். திறந்த வாய் மூடவில்லை. யாரோ தெரியாமல் செய்த தவறு என்று சிரித்துவிட்டுப் போகிற நிலையில் நான் இல்லை.

என் மார்பில் கட்டி இருந்தது. புற்றுநோய்தான் என்று திருச்சியில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு வரச்சொல்லியிருந்தது வரும் வியாழக்கிழமை. நான் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்பதற்குப் பெரிய விசுவாசம் போல இருக்கும். உண்மையில் அது வெறும் பயம். மயக்க ஊசி போட்டுக் கண்ணை மூடினால் திறக்காமலே போய்விடுமோ, அந்த இருட்டுக்குள் ஒண்டியாகப் போக வேண்டுமோ என்ற பயம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவள் அதை வெளியே சொல்ல முடியுமா? குவைத்தில் இருக்கும் கணவரிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு அக்கா. ரிப்போர்ட்டோடு வந்து நான் வாசற்படியில் அழுததைப் பார்த்துவிட்டவர். அவர்கள் இந்துக் குடும்பம். ஆனாலும் செவ்வாய்க்கிழமை தவறாமல் எங்கள் கோவிலில் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வருவார்.

பூசை முடிந்ததும் யாரிடமும் நின்று பேசாமல் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவரை ஒரு பிடி பிடிக்கத்தான் போனேன். மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எங்க கோயில் பெட்டியில என் பேர எழுதிப் போட்டீங்களா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வாசிச்சுட்டாங்களா டீச்சர்? எல்லாரும் எழுதிப் போட்டாங்க. வேண்டுதல்னு நெனச்சு நானும் ஒங்க பேரப் போட்டேன். ஒங்க சாமி காதுல விழட்டுமேன்னுதான்."

"அது செத்தவங்க பேரு போடுற பெட்டிக்கா!"

வைக்கோல் கையிலிருந்து நழுவியது. "அடி ஆத்தீ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "என் கையாலயே எழுதிட்டேனே டீச்சர்! வாங்க, இப்பவே போயி அந்தச் சீட்டக் கிழிச்சுப்புடுவோம்." என் கையைப் பிடித்து இழுத்தார். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த இடத்தை நினைத்துப் பயந்தேனோ, அங்கே காலையில் போய்விட்டு வந்திருக்கிறேன். அங்கே நான் ஒண்டியாக இல்லை. பெயர் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஊரே எனக்காகக் கேட்டது. சின்ன வயதிலிருந்து அந்த வார்த்தைகளை அடுத்தவர்களுக்காகச் சொல்லி வருகிறேன், எனக்காக ஒருநாள் சொல்லப்படும் என்று நினைத்ததே இல்லை. இறந்தவர்களையே கைவிடாத ஆண்டவர் ஆபரேஷன் மேஜையிலா என்னை விட்டுவிடப் போகிறார்? அவர் பார்த்துக்கொள்வார் என்பதை அன்றுதான் நான் மனதார நம்பினேன். பிழைத்து வந்தால் நான் பெயர் சொல்லி மன்றாட வேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

"கிழிக்க வேணாம்க்கா. இருக்கட்டும். என்னைக்கானாலும் வேண்டியதுதானே."

"வாயக் கழுவுங்க!" என்று அதட்டினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வியாழக்கெழம போறீங்களா இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க."

"போறேன். ஆனா பயமா இருக்குக்கா. நீங்களும் கூட வாரீங்களா?"

பயமா இருக்கு என்ற அந்த வார்த்தையை அதுவரை நான் ஆண்டவரிடம்கூடச் சொன்னதில்லை.