பனிக்கண்ணாடிக்குப் பின்னால் மெர்லீன்

மெர்லீன் ஹஸ்கிசன் தன் ஐம்பத்தாறு வயதுவரை ஒரு சொட்டு மதுவை நாக்கில் வைத்தவள் இல்லை. ஆனால் எங்கள் ஆக்டன் ஊரில் அவளைப் போல மார்ட்டினி கலக்க ஆளே கிடையாது. நான் வாண்டா, அவள் மது கலக்கும் உணவகத்தில் பரிமாறுகிறவள். அவள் கலந்து நான் கொண்டுபோன கோப்பை எதுவும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

எங்கள் யூட்டா மாநிலத்துச் சட்டம் ஒரு தினுசு. சாப்பிட வரும் பிள்ளைகளின் கண்ணில் மது கலப்பது படக் கூடாதாம். அதனால் 2010இல் கடை திறந்தபோதே ஏழடி உயரத்துக்குப் பனிக்கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டார்கள். கலந்த கோப்பை மட்டும் அதே பிள்ளைகளின் மூக்குக்கு முன்னால் ஜம்மென்று போகும். என்ன கூத்தோ!

மெர்லீனுக்கு அந்தத் தடுப்பு பெரிய நிம்மதி. அவள் மார்மன் சபைக்காரி, அங்கே குடி ஆகாது. ஞாயிறுதோறும் சபைப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். புருஷன் இறந்த பிறகு அவளுக்கு உயிரே அந்த வகுப்புதான். வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "சமையல்கட்டுல இருக்கேன்" என்று சொல்லிவைத்திருந்தாள்.

ருசியே தெரியாதவள் எப்படிக் கலப்பாள்? புத்தகத்தைப் பார்த்துத்தான். யாரோ செத்துப்போன வீட்டில் சாமான்களை விற்றபோது, நூறு வருஷத்துக்கு முந்தைய மதுக்கலவைப் புத்தகங்களை ஒரு பெட்டி நிறைய அள்ளிவந்தாள். பாட்டு நோட்டைப் போல விரித்துவைத்து, எழுத்துப் பிசகாமல் கலப்பாள்.

அதுதான் 2013இல் ஒருநாள் அவள் காலை வாரிவிட்டது. 'ஒரு ஒயின் கிளாஸ் ஜின்' என்று போட்டிருந்தது. அந்தக் காலத்தில் அது இரண்டு அவுன்ஸ் அளவுக்குப் பெயர். குடிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். இந்த மகராசி நிஜமான ஒயின் கிளாஸை எடுத்து, ஒன்றரை அவுன்ஸோடு நின்றுவிடும் பாட்டில் மூடியை நாலு தரம் அழுத்தி, விளிம்புவரை ரொப்பிவிட்டாள். நானும் அவசரத்தில் கவனிக்காமல் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு இருமினார்.

"ஏம்மா, என்னை வீட்டுக்கு அனுப்பப் போறீங்களா, இல்ல மேலேயே அனுப்பப் போறீங்களா?"

அதை உள்ளே போய்ச் சொன்னேன். மெர்லீன் சிரித்தாள் பாருங்கள்! அவள் சிரிப்பு தொண்டையில் தொடங்கி, மூச்சு முட்டி, கடைசியில் பன்றிக்குட்டி மாதிரி ஒரு உறுமலில் போய் முடியும். அன்றைக்கு ஏழெட்டு உறுமல்.

2017இல் சட்டம் மாறியது. தடுப்பு வேண்டியதில்லை, பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்தால் போதும். முதலாளி கார்த் ஆசை ஆசையாகச் சுத்தியல் வாங்கிவந்தார். மெர்லீன் என் கையைப் பிடித்துத் தடுப்புக்குப் பின்னால் இழுத்தாள்.

"அடியே வாண்டா, எங்க சபை பிஷப் பார்த்தா என் பாட்டு கிளாஸ் போச்சுடி."

"நீ குடிக்கிறியா என்ன? கலக்கத்தானே செய்றே?"

"கலக்குறது கூட இருக்கட்டும். ஏழு வருஷமா பொய் சொல்லியிருக்கேனே! பொய் சொல்றவகிட்ட யாருடி புள்ளைங்கள விடுவா?"

அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஜூலை ஒன்றாம் தேதி, சனிக்கிழமை. காலையில் தடுப்பு விழுந்தது. மதியம் முதல் ஆளாக உள்ளே வந்தது யார் தெரியுமா? சாட்சாத் பிஷப் டெரிக்சனேதான், மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக. மெர்லீன் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். 

குடும்பத்தைத் தூரத்து மேஜையில் உட்காரவைத்துவிட்டு, அவர் நேராகக் கலக்கும் மேடைக்கே வந்து நின்றார்.

"சிஸ்டர் ஹஸ்கிசன்."

"பிஷப்... நான் வந்து... சமையல்கட்டுல..."

"எலுமிச்சை இஞ்சி சோடா ஒண்ணு குடுங்க. ஒயின் கிளாஸ்ல அளக்க வேணாம், பெரிய டம்ளர்லயே குடுங்க."

மெர்லீன் புத்தகத்தை இறக்கினாள். "அது உங்களுக்கு எப்படி..."

"அந்த ரயில் டிரைவருக்குப் பக்கத்து மேஜை நான்தான். விளிம்புவரை ரொம்பின அந்த ஒயின் கிளாஸையும் பார்த்தேன். அவர் கேட்டதும் கேட்டுச்சு, நீங்க சிரிச்சதும் கேட்டுச்சு. முகத்தைத்தானே கண்ணாடி மறைக்கும்? அந்தச் சிரிப்பு இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு?"

"நாலு வருஷமா தெரியுமா?"

"தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். சமையல்கட்டுன்னு சொன்னீங்களே, அது தப்புதான். இனிமே சொல்லாதீங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன். கிளாஸ்..."

"நாளைக்குப் பத்து மணிக்கு. லேட்டா வந்துடாதீங்க, புள்ளைங்க எங்க உசுர எடுக்குதுங்க."

மெர்லீனின் தொண்டையில் அது தொடங்கியது. மூச்சு முட்டியது. கண்ணில் நீர் வழிய வழிய, கூடமே திரும்பிப் பார்க்கும்படி உறுமி முடித்தாள். தூரத்து மேஜையில் பிஷப்பின் கடைக்குட்டி நாற்காலிமேல் ஏறி நின்று கத்தியது:

"அம்மா, எங்க பாட்டு டீச்சர்!"

மெர்லீன் கையை உயர்த்தி ஆட்டினாள்.