கண்டக்டர் நன்றி சொன்ன நாள்

நாத்தனாரைப் புகழ்ந்து எழுதுகிறவளை யாரும் நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டாம். என் வீட்டுக்காரரின் அக்காவும் (அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்) நானும் ஒரே அடுப்படியில் பதினோரு வருஷமாக முட்டிக்கொள்கிறவர்கள்தான். அண்ணிக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் திருப்தி வராது. நான் பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பார். பற்றிக்கொண்டு வரும். ஆனால் அண்ணி நர்ஸாக இருக்கும் வார்டிலேயே எனக்கு எழுத்தர் வேலை. அதனால் அன்றைக்கு மத்தியானம் நடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

வார்டில் அண்ணியின் பட்டப்பெயர் ‘முழு நிமிஷம்’. நோயாளி நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறார் என்று நர்ஸுகள் எண்ணி எழுத வேண்டும். யார் எண்ணுகிறார்கள்? முகத்தைப் பார்த்துவிட்டு ‘இருபது’ என்று போட்டுவிடுவார்கள். எங்கள் வார்டில் படுத்த அத்தனை பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விட்டதாகத்தான் ரெக்கார்டு சொல்லும். அண்ணி மட்டும் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுவார். “எண்ணுறோம்னு தெரிஞ்சா ஆளு மூச்சையே மாத்திடுவாங்க” என்பார்.

ஏழாம் நம்பர் கட்டிலில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். குடலில் ஆபரேஷன் ஆகி நாலாம் நாள். மூன்று நாளும் எங்கள் உயிரை வாங்கினார். தலையணை குத்துகிறது, ஃபேன் முனகுகிறது. பார்க்க வந்தவர்களைக்கூட, “வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க!” என்று விரட்டினார்.

நாலாம் நாள் தண்ணீர் கொடுத்தவளிடம், “நன்றிம்மா” என்றார். வார்டே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அவர் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். இன்னிக்குதான் ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டாரு” என்றார் என்னிடம்.

மத்தியானம் வேலைக்கு வந்த அண்ணியிடம் காலை நர்ஸ், “ஏழாம் நம்பர் சமர்த்து. ஒரு தொந்தரவும் இல்ல” என்றாள்.

“தொந்தரவு இல்லையா? அவருக்கா?” அண்ணி கைப்பையைக்கூட வைக்காமல் கட்டிலுக்குப் போனார். எண்ணினார். மறுபடி எண்ணினார். மூச்சு இருபத்தெட்டு. சார்ட்டில் வழக்கம்போல் இருபது. நாடி வேகம், கை ஜில்லென்று இருக்கிறது, கட்டிலில் தொங்கும் சிறுநீர்ப் பையில் காலையிலிருந்து ஒன்றும் பெரிதாகச் சேரவில்லை.

சின்ன டாக்டர் வந்து பார்த்தார். “காய்ச்சல் இல்ல. பிரஷர் நூத்திப்பத்து. நமக்கெல்லாம் இருக்கிறதுதானே, சிஸ்டர்?”

“நமக்குச் சரி டாக்டர். இவருக்கு நேத்து வரைக்கும் நூத்தம்பது.”

“வலி இல்லைங்கிறாரே.”

“அதான் பயமா இருக்கு. பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க.”

“என்னன்னு சொல்றது? நோயாளி மரியாதையாப் பேசுறாருன்னா?”

எனக்கே சிரிப்பு வந்தது. அண்ணி சிரிக்கவில்லை. போன மாதம்தான் இப்படிப் பயந்து பெரிய டாக்டரை வரவழைத்து, அது வெறும் வாய்வு என்று தெரிந்து, எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வாசலில் சீட்டுப் பதிகிற இடத்துக்கு மாற்றிவிடுவேன் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணியை நோயாளியிடமிருந்து பிரித்தால் அப்புறம் அண்ணி எங்கே?

அண்ணி போனை எடுத்தார். “ஏழாம் நம்பருக்கு மூச்சு இருபத்தெட்டு சார்” என்றார்.

“யார் எண்ணினது?” என்று பெரிய டாக்டர் கேட்டது என் மேஜை வரை கேட்டது.

“நான்தான் சார். முழு நிமிஷம். ரெண்டு தடவை.”

“வர்றேன்.”

வந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தவர் முகம் மாறியது. உடனே ஸ்கேன். குடலில் போட்ட தையல் விட்டுக் கசிந்துகொண்டிருந்தது. மறுபடி ஆபரேஷனுக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

“நல்லாத்தானே சிஸ்டர் இருந்தாரு?” மனைவி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“திட்டக்கூடத் தெம்பில்லாம இருந்தாரும்மா” என்றார் அண்ணி. அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விளக்குப் போடுகிற நேரத்துக்குப் பெரிய டாக்டர் நேரே எங்களிடம் வந்தார். “பிழைச்சுக்குவாரு. நாளைக்குக் காலையில பார்த்திருந்தா நான் கையை விரிச்சிருப்பேன்.”

பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர், “நான் வேண்டாம்னேன் சார். இவங்கதான் விடல” என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். நல்ல பிள்ளை.

அண்ணி விறுவிறுவென்று துணி அறைக்குள் போனார். பின்னாலேயே ஓடினேன். போர்வை அடுக்கில் சாய்ந்து, சிரிப்பும் அழுகையுமாக, “ஜெயிச்சுட்டோம்டி!” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கண்டக்டர் வீட்டுக்குக் கிளம்பினார். சக்கர நாற்காலி கோணலாம், மருந்துச் சீட்டில் கோழி கிறுக்கியிருக்கிறதாம். மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வார்டே கேட்க அவரிடம் சொன்னார்: “நல்லாத் திட்டுங்க, நானும் திரும்பத் திட்டுறேன். ஆனா என்னிக்காவது என்கிட்ட அன்பாப் பேசுனீங்க, அடுத்த நிமிஷமே ஆட்டோ பிடிச்சு இந்த சிஸ்டர்கிட்ட கொண்டாந்து போட்டுடுவேன்!”